முகம் திருப்பிய பலகைகள்

பாய்மரக் கப்பல்கள் மட்டுமே கடலில் ஓடிய காலத்தில், பவழத்துறை என்ற நாட்டை மாறவேள் என்ற அரசன் ஆண்டுவந்தான். நல்லவன்தான். ஆனால் காலையில் மனதில் தோன்றியது மாலைக்குள் சட்டமாகிவிட வேண்டும் அவனுக்கு.

அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. எந்தக் கடையானாலும் அதைத் தொடங்கியவருடைய தாயின் பெயரைத்தான் பலகையில் எழுதுவார்கள். அம்மா பெயரை மாட்டிக்கொண்டு எவனும் எடையில் ஏமாற்ற மாட்டான் என்று ஒரு நம்பிக்கை.

துறைமுகத்துக்கு மாலுமிகள் வந்தார்கள். அவர்களை நம்பிக் கேளிக்கை வீடுகளும் வந்தன. குழந்தைகள் நடக்கும் தெருக்களில் அவை இருப்பது அரசனை உறுத்தியது. அந்த உறுத்தலைத் தவறென்று சொல்ல முடியாது. ஆனால் வல்லபராயர் என்ற பிரபு அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

"மகாராஜா, ஊருக்கு வெளியே சிவப்புத் தெரு என்று ஒன்று அமைப்போம். அந்த வீடுகள் அங்கே போகட்டும். யார் எந்தப் பெயரைக் கேட்டாலும் அந்தப் பெயரில் ஒரு கதவு, வருஷத்துக்கு ஒரு பொன். விற்பனையை நான் பார்த்துக்கொள்கிறேன்."

"அவர்கள் போகாவிட்டால்?" என்றார் அமைச்சர் ஏகம்பர்.

"தனித் தெரு கிடைத்தால் தானாக ஓடுவார்கள். உமக்குச் சாப்பாட்டில்கூடச் சந்தேகம்தான், ஏகம்பரே!"

சபை சிரித்தது. அரசனும் சிரித்தான். மாலைக்குள் சிவப்புத் தெரு சட்டமாகிவிட்டது.

ஒரு வருஷம் கழித்து, கருப்பட்டி வியாபாரி ஆண்டியப்பன் அமைச்சர் வீட்டுக்கு வந்து நின்றான்.

"ஐயா, போன வருஷம் சிவப்புத் தெருவில் எங்க அம்மா பிச்சாயி பேரில் ஒரு கதவு வாங்கினேன்."

"நீ எதற்கப்பா வாங்கினாய்?"

"நான் வாங்காவிட்டால் இன்னொருத்தன் வாங்குவானே! பிச்சாயி கருப்பட்டி என்றால் நாலு ஊருக்குத் தெரியும். அந்தப் பேரைத் தன் கேளிக்கை வீட்டில் மாட்டினால் அவனுக்குக் கூட்டம் வரும். இன்றைக்குச் சாயங்காலம் என் தவணை முடிகிறது. அந்தப் பேருக்காக ஒரு சூதாட்டக்காரன் காத்து நிற்கிறான். என்னிடம் காசில்லை."

அமைச்சர் தன் பணப்பெட்டியைத் திறந்தார். ஒரு பொன்னை எடுத்து அவன் கையில் வைத்து, காதில் வேறொரு பெயரைச் சொன்னார்.

"இந்தப் பெயரில் ஒரு கதவு வாங்கு. இப்போதே பலகையும் எழுதி மாட்டு."

"ஒருத்தருக்கு ஒரு பேர்தானே ஐயா தருவார்கள்? இதை வாங்கினால் எங்க அம்மா பேரை விட்டுவிட வேண்டியிருக்குமே?"

"என் ஆட்களை ராயருக்குத் தெரியும். அதனால்தான் உன்னைக் கேட்கிறேன். நான் தோற்றால் உன் அம்மா பெயர் போகும், என் தலையும் போகும். யோசித்துக்கொள்."

ஆண்டியப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனான்.

பொழுது சாயும் வேளையில், தெருவைப் பார்க்க அரசனை அழைத்துவந்தார் ஏகம்பர். ராயர் பெருமையோடு முன்னே நடந்தார். தெருவில் ஒரு விளக்கு இல்லை. எல்லாக் கதவும் பூட்டியிருந்தது. ஒவ்வொரு கதவிலும் பலகை தொங்கியது, எழுத்துப் பக்கம் உள்ளே திரும்பியபடி.

"அந்த வீட்டுக்காரர்கள் எங்கே?" என்றான் அரசன்.

"அவர்கள் வரவேயில்லை, அரசே. துறைமுகத்தில் கேளிக்கை வீடு நடத்தும் ரத்தினா என்பவளைக் கேட்டேன். 'எங்களைத் தேடுகிறவர்கள் வழியை மறப்பதில்லை ஐயா. எல்லோரும் ஒரே தெருவில் போய் உட்கார்ந்தால், நாளைக்கு ஒரே பூட்டில் எங்களை அடைத்துவிடுவீர்களே' என்றாள்."

அரசன் ஒரு பலகையைத் திருப்பினான். செல்லம்மாள் எண்ணெய்க்கடை. அடுத்தது, குருவம்மாள் ஜவுளிக்கடை.

"பலகை மாட்டியாக வேண்டும் என்பது ராயரின் விதி. முகம் காட்ட இவர்களுக்கு மனமில்லை," என்றார் ஏகம்பர்.

"யாரையும் நான் வற்புறுத்தவில்லையே!" என்றார் ராயர். "அவர்களாகத்தானே வாங்கினார்கள்?"

கடைசிக் கதவில் மை காயாத பலகை. அரசன் திருப்பினான். 

பூரணத்தம்மாள்.

"இதை விற்றது யார்?"

"நான்தான் மகாராஜா, இன்று மத்தியானம். ஒரு கருப்பட்டிக்காரன் கேட்டான். யாரோ பூரணத்தம்மாளாம்."

"பெரிய மகாராணி, பெரிய மகாராணி என்று பத்து வருஷம் என் தாயின் காலில் விழுந்தீரே, ராயரே. அவள் பெயர் உமக்குத் தெரியாதா?"

ராயர் அரசன் காலில் விழப்போனார்.  அரசன் வாளின் பிடியில் கை வைத்தபடி திரும்பினான்.

"ஏகம்பரே, இது உம் வேலையா?"

"ஆம் அரசே. வேறொருவன் வாங்குவதற்கு முன் வாங்கச் சொன்னேன். அதற்காகத் தன் தாய் பிச்சாயியின் பெயரையே விட்டுக்கொடுத்தான், மூலையில் நிற்கும் இந்தக் கருப்பட்டிக்காரன். இந்தத் தெருவில் எல்லோரும் செய்ததைத்தான் நானும் செய்தேன்."

அரசன் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டான். எழுந்தபோது குரல் தணிந்திருந்தது.

"தெருவைக் கலையுங்கள். ராயரே, ஒவ்வொரு பலகையையும் நீரே சுமந்துபோய், அந்தந்த வீட்டில் வாங்கிய பொன்னோடு கொடுத்து, அந்தத் தாயின் பெயரை வாய்விட்டுச் சொல்லி வணங்கிவிட்டு வாரும். பிச்சாயியில் தொடங்கும்."

மூலையில் நின்ற ஆண்டியப்பன் விம்மினான். காத்திருந்த சூதாட்டக்காரன் மெல்ல நழுவினான்.

"உமக்கு என்ன வேண்டும், ஏகம்பரே?"

"அடுத்த முறை சபை சிரிக்கும்போது, நீங்கள் ஒருவர் சிரிக்காமல் இருந்தால் போதும்."

கேளிக்கை வீடுகள் இருந்த இடத்திலேயே இருந்தன. அதற்கு அரசனுக்கு வழி தெரியவில்லை. தன் தாயின் பலகையை மட்டும் தானே தூக்கி, எழுத்து வெளியே தெரியும்படி மார்போடு பிடித்து, கடைவீதி வழியாக நடந்தான். அதை அரண்மனை வாசலில் மாட்டினான். அன்றுமுதல் சபைக்குள் போகிற ஒவ்வொருவரும் அந்தப் பெயரைப் படித்துவிட்டுத்தான் போனார்கள்.