வால்களை எண்ணாத கெளுத்தி

கடலுக்கு அடியில் ஒரு பாறைத்திட்டு இருந்தது. அதன் இடுக்கில் ஒரு கெளுத்தி மீன் தன் மனைவியோடு வாழ்ந்து வந்தது. பக்கத்துப் பொந்தில் ஒரு நண்டு குடியிருந்தது.

திட்டுக்கு மேலே மத்தி மீன்கள் கூட்டமாக மேயும். தண்ணீரில் மிதக்கும் பாசித்துகள்தான் அவற்றுக்கு உணவு. அந்த மத்திகளைப் பிடிக்க ஒரு வஞ்சிரம் வரும். காலையில் இரண்டு முறை, மாலையில் ஒரு முறை.

வஞ்சிரத்துக்கு ஒரு பழக்கம். மத்தி தப்பி ஓடாதபடி முதலில் வாலைக் கடித்துத் துண்டிக்கும். பிறகு உடலை விழுங்கும். துண்டான வால்கள் மெல்ல மெல்லக் கீழே இறங்கும். அவற்றைத் தின்றுதான் கெளுத்தியும் மனைவியும் நண்டும் உயிர் வளர்த்தன.

கெளுத்திக்கு எதையும் எண்ணாமல் இருக்க முடியாது. ஆனால் தனக்கு விழுந்த வால்களை அது ஒருநாளும் எண்ணியதில்லை. வஞ்சிரம் விழுங்கிய உடல்களையே எண்ணியது.

"இன்னைக்குப் பதினேழு! நேத்து பதினாலு! முந்தாநாள் பதினஞ்சு! மூணே நாள்ல நாப்பத்தாறு மத்தி! நமக்கு வெறும் வாலு!" என்று அது பொருமியது.

"அவன் தின்னா உங்களுக்கு ஏன் மாமா எரியுது? உங்க தொப்பையும்தான் நிறையுதே!" என்று நண்டு சிரித்தது.

"போடா, பக்கவாட்டு நடையா!" என்று கெளுத்தி மீசையைச் சிலுப்பியது.

மனைவிக்கு வேறு கவலை. "ஏங்க, நான் முட்டை போடற பௌர்ணமிக்கு இன்னும் பத்தொன்பது நாள்தான் இருக்கு. இப்பவே நல்லாச் சாப்பிட்டு உடம்பைத் தேத்திக்குங்க!" என்றது.

அது சொன்னதில் காரணம் இருந்தது. கெளுத்தி இனத்தில் தாய் முட்டையிட்டதும் தந்தைதான் அவற்றைத் தன் வாயில் வைத்துக் காக்க வேண்டும். குஞ்சு பொரிந்து நீந்தும்வரை ஐம்பது நாள். அந்த ஐம்பது நாளும் ஒரு கவளம்கூட உள்ளே போகாது. முன்கூட்டியே கொழுத்த உடம்புதான் தாங்கும்.

"வஞ்சிரம் இருக்கிற வரைக்கும் நமக்கென்ன குறை! என்ன லாகவமா வெட்டுது, பார்த்தீங்களா?" என்று மனைவி மேலும் சொன்னது.

கெளுத்தியின் காதில் அந்தக் கடைசிப் பேச்சு மட்டும்தான் ஏறியது. 'என் வீட்டிலேயே அவன் புகழா!' அன்று விழுந்த வால் எதுவும் அதற்கு இனிக்கவில்லை.

மறுநாள் விடிந்ததும் கெளுத்தி மேலே நீந்திப் போனது. மத்திகளின் தலைவியைக் கூப்பிட்டது.

"தாயே! வடக்கே நாலு திட்டு தாண்டினா ஜில்லுனு தண்ணி பொங்கி வருதாம். பாசி கஞ்சி மாதிரி மிதக்குதாம். வழியில வந்த கணவாய் மீன் சொல்லிச்சு. இங்க தினம் செத்துக்கிட்டு ஏன் இருக்கீங்க?"

"எங்க மேல உனக்கு இவ்வளவு அக்கறையா?" என்று தலைவி வியந்தது.

"உங்களுக்காகத்தான் மூச்சு வாங்க இவ்வளவு தூரம் ஏறி வந்தேன்!"

மத்திகள் அன்றே கிளம்பிவிட்டன. கெளுத்தி துள்ளிக் குதித்தது. "வஞ்சிரம் பட்டினி கிடக்கட்டும். அந்த வெள்ளி உடம்பு வற்றட்டும். நான் பார்க்கணும்!"

இரண்டு நாள் கழித்து வஞ்சிரம் முதல் முறையாக அடித்தளத்துக்கு இறங்கி வந்தது. "மீசைக்காரரே! மத்தியெல்லாம் வடக்கே போயிடுச்சு. வாசனையைப் பிடிச்சு நானும் போறேன். நீங்களும் மெதுவா நீந்தி வாங்களேன். அங்கேயும் வால் விழும்!"

வஞ்சிரம் மெலியவே இல்லை. அதன் முதுகு முன்போலவே மின்னியது. அதைக் கண்டதும் கெளுத்திக்கு உடம்பெல்லாம் கொதித்தது.

"உன் எச்சில் யாருக்கு வேணும்? போடா!"

வஞ்சிரம் ஒன்றும் புரியாமல் வாலைச் சுழற்றிக்கொண்டு போய்விட்டது.

அதன்பின் மேலிருந்து எதுவும் விழவில்லை. கெளுத்தி சேற்றைக் கிளறியது. ஒரு நாளைக்கு மூன்று புழு கிடைத்தது. ஐந்தாம் நாள் நண்டு பொந்தைக் காலி செய்தது.

"நான் வடக்கே கிளம்பறேன். நீங்க வரலையா, மாமா?"

"அவன் இருக்கிற இடத்துக்கா? மாட்டேன்!"

"அப்போ மேலே பார்த்து நல்லா எண்ணுங்க, மாமா! என்ன விழுதுன்னு ஒருநாள் வந்து கேட்டுக்கறேன்!" என்று சொல்லி நண்டு நகர்ந்தது.

பௌர்ணமி வருவதற்குள் பதினாறு நாள் ஓடின. நாற்பத்தெட்டுப் புழு. அதையும் கணவனும் மனைவியும் பங்கிட்டுத் தின்றன. கெளுத்தியின் தொப்பை முதுகோடு ஒட்டியது.

மனைவி முட்டையிட்டது. ஒவ்வொன்றும் கோலிக்குண்டு அளவு. மொத்தம் நாற்பத்திரண்டு. கெளுத்தி அவற்றை ஒவ்வொன்றாக வாயில் ஏந்திக்கொண்டு உதடுகளை இறுக மூடியது.

தினமும் காலையில் நாக்கால் தடவி எண்ணியது. நாற்பத்திரண்டு. மறுநாளும் நாற்பத்திரண்டு. பசி வயிற்றைப் பிறாண்டியது. மத்திகளை "திரும்பி வாங்க!" என்று கூவி அழைக்கலாம் என்றாலும் வாயைத் திறக்க வழியில்லை.

இருபத்துமூன்றாம் நாள் எண்ணியபோது நாற்பத்தொன்று இருந்தது. கெளுத்தி திடுக்கிட்டு மறுபடி எண்ணியது. நாற்பத்தொன்றுதான். தூக்கக் கிறக்கத்தில் தொண்டை தானாக விழுங்கியிருந்தது. அதற்குப் பிறகு எண்ணுவதற்கே அதற்குப் பயமாக இருந்தது.

ஐம்பதாம் நாள் குஞ்சுகள் ஒவ்வொன்றாக வெளியே நீந்தின. மனைவி ஆசை ஆசையாக எண்ணியது.

"இருபத்தொன்பது, முப்பது, முப்பத்தொன்னு... ஏங்க, இன்னும் பதினொன்னு உள்ளேயே இருக்கே! வாயை நல்லாத் திறங்க!"

கெளுத்தி வாயை அகலத் திறந்தது. உள்ளே யாரும் இல்லை.

அடுத்தவர் வாய்க்குள் போவதையே எண்ணிக்கொண்டிருப்பவர், தன் வாய்க்குள் இருப்பதையும் இழந்துவிடுவார்.