சுரங்கப்பாதைக்குள் போன கார்

இரண்டாம் ஆண்டு மாணவி பூங்கோதைக்கு நடந்தது அநியாயம். கல்லூரி அரங்கில் திரையிட்ட ஒரு ஜப்பானிய அனிமே பந்தயப் படத்துக்கு அவள் எழுதிய விமர்சனத்தை, திரைப்பட மன்றத் தலைவர் பேராசிரியர் ஆராவமுதன் எல்லோர் முன்னாலும் கிழித்துப் போட்டார்.

அவள் எழுதியது இதுதான்: "பந்தயக் காட்சிகளில் வேகம் இருக்கிறது, கதாபாத்திரங்களில் ஆழம் இல்லை. ஆனால் கார் சுரங்கப்பாதைக்குள் நுழைந்த பின் உடம்பு சில்லிடுகிறது. ஓட்டுநர் இருக்கை காலி. ஸ்டியரிங் தானாகத் திரும்புகிறது. கண்ணாடியில் மட்டும் அவன் முகம் தெரிகிறது."

"பொய்!" என்றார் பேராசிரியர். "கார் சுரங்கத்துக்குள்ள போனதோட படம் முடிஞ்சுடுச்சு. முடிவே இல்லாததுதான் குறை. முன்வரிசையில உக்காந்து பார்த்தவன் நான். காலி சீட்டைக் காட்டினாங்கன்னு நிரூபி. இல்லைன்னா மன்றத்தை விட்டு வெளியே போ."

ஒருவர் பார்க்காததை அவருக்கே எப்படி நிரூபிப்பது, நீங்களே சொல்லுங்கள். பூங்கோதை பணிவாகக் கேட்டாள்: "சார், படம் முடிஞ்சு விளக்கு போட்டதும் என்ன பண்ணீங்க?"

"வாசல்ல சூடா ரெண்டு சமோசா சாப்பிட்டுட்டு வீட்டுக்குப் போனேன். அதுக்கென்ன இப்போ?"

ஜப்பான்காரர்கள் வைக்காத இடைவேளையை, படத்தை நடுவில் நிறுத்தி மன்றத்துக்காரர்கள் நாங்களேதான் விடுவோம். சமோசாத் தட்டு அப்போது மட்டும்தான் வரும்.

"அதுக்கப்புறம் ஒரு மணி நேரம் படம் ஓடுச்சு சார்," என்றாள் பூங்கோதை. "அவ்வளவு நேரமும் ரெண்டு சீட்டு காலியா இருந்துச்சு. ஒண்ணு அந்தக் கார்ல. இன்னொண்ணு முன்வரிசையில."