வேலிக்குப் போட்ட பூட்டு

"வேலி போட்டேன். பூட்டும் போட்டேன். அப்புறமும் ஏன் வரல?"

வனவர் திருமேனி கேட்டார். மழைக்கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

காத்தாயி அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள்.

முடிமலை முகாமில் அவள் வேட்டைத் தடுப்புக் காவலர். பளியர் குடி. வயது முப்பத்தாறு. திருமேனிக்கு ஐம்பத்தொன்பது முடிந்து, ஓய்வு பெற இன்னும் எழுபது நாள் இருந்தது. காட்டில் ஒரு சந்தேகம் என்றால் வனச்சரகரே அவளிடம்தான் ஆள் அனுப்புவார். அதற்காக அவள் பதில் சொல்லிவிடுவாள் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை.

"சாமி இன்னைக்கு மௌன விரதம்யா," என்றான் அவளோடு வேலை பார்க்கும் ஒச்சப்பன். "நாளைக்கு வாங்க. நாளைக்கும் அப்படித்தான்."

வராமல் போனது ஒரு பூ.

வெள்ளைப் பூ, விரல் நீளம். இலை ஒன்றே ஒன்று, வரையாட்டின் காதைப்போல மடிந்திருக்கும். காத்தாயியின் ஆட்கள் அதை ஆட்டுக்காது என்பார்கள். முடிமலையின் உச்சிப் புல்வெளியைத் தவிர வேறெங்கும் அது முளைத்ததாகத் தகவல் இல்லை.

உச்சிக்கு வண்டிப்பாதை கேட்டவர்களைப் பத்து வருடமாக நிறுத்தி வைத்திருந்தது அந்தப் பூதான்.

மூன்று வருடத்துக்கு முன் திருமேனி அதைச் சுற்றி ஆளுயரக் கம்பிவேலி போட்டார். கல்தூண்களை ஆட்கள் தலைச்சுமையாக ஏற்றினார்கள். அவரும் ஒன்று சுமந்தார். வேலிக் கதவுக்குச் சங்கிலி, அதற்கு அரைக் கிலோ திண்டுக்கல் பூட்டு. சாவி அவருடைய அரைஞாண் கயிற்றில்.

முதல் ஆடியில் ஏழு பூ. அடுத்த ஆடியில் இரண்டு. போன ஆடியில் ஒன்றுமில்லை.

"இந்த ஆடியிலயும் வரலேன்னா, இல்லேன்னு நான்தான் கையெழுத்துப் போடணும்," என்றார் திருமேனி. "போட்டுட்டு வீட்டுக்குப் போகணும். எனக்குப் பின்னாடியே பொக்லைன் ஏறும்."

காத்தாயி கருப்பட்டிக் காப்பியை அவரிடம் நீட்டினாள்.

"மூணு நாள் வேலிக்குள்ள போய் உக்காருங்கய்யா. விடியப் போங்க, பொழுது சாயத் திரும்புங்க. யாரு வர்றாங்கன்னு பாத்துச் சொல்லுங்க."

"கதவைப் பூட்டிக்கிட்டா?"

"எப்பவும்போல."

போனார். உட்கார்ந்தால் தலை வெளியே தெரியவில்லை. புல் அவ்வளவு உயரம். முதல் நாள் பனிமூட்டம். இரண்டாம் நாள் வெயில். மூன்றாம் நாள் இரண்டும். வேலிக்கு வெளியே வரையாடுகளின் குளம்புச் சத்தம் கேட்டது. வரும், நிற்கும், போய்விடும்.

மூன்றாம் நாள் சாயங்காலம் முகாமுக்கு வந்தார்.

"யாருய்யா வந்தா?"

"யாரும் வரல."

"வண்டு?"

"இல்ல."

"வெயில்?"

யோசித்தார். "சட்டையில பட்டுச்சு. தரையில படல."

"அப்ப பூ மட்டும் யாருக்கய்யா வரணும்?"

ஒச்சப்பன் சிரித்தான். திருமேனி சிரிக்கவில்லை.

காத்தாயி கையை நீட்டினாள். உள்ளங்கை மேலே பார்த்திருந்தது.

"சாவியா? ஆடு உள்ள வரும்."

"வரும்."

"புல்லைத் தின்னும்."

"தின்னும்."

"மிதிக்கும்."

"நல்லா மிதிக்கும்."

"ஏம்மா, விளையாடுறியா? முப்பத்து நாலு வருச சர்வீஸு. ஒரு கெட்ட பேரு கிடையாது எனக்கு."

கை அப்படியே நீண்டிருந்தது.

ஒச்சப்பன் குறுக்கே விழுந்தான். "குடுத்திருங்கய்யா. இல்லேன்னா ராத்திரி சோறு பொங்காது அந்தக் கை."

மறுநாள் காலை காத்தாயி மேலே ஏறினாள். பூட்டைத் திறந்தாள். சங்கிலியை உருவினாள். கதவை அகலத் தள்ளி, காற்றுக்குச் சாத்திக்கொள்ளாதபடி ஒரு கல்லை முட்டுக்கொடுத்தாள். பூட்டையும் சாவியையும் பையில் போட்டுக்கொண்டு இறங்கிவிட்டாள்.

திருமேனி இறங்கவில்லை. எதிர்ப்பாறையில் தொலைநோக்கியோடு உட்கார்ந்தார்.

முதலில் ஒரு கிடா வந்தது. முதுகில் சாம்பல் பூத்த பெரிய கிடா. அழைப்பில்லாத கல்யாணத்துக்கு வந்தவனைப்போல வாசலிலேயே ஒரு மணி நேரம் நின்றது. பிறகு உள்ளே போனது. அதன் பின்னால் பெட்டைகள். பெட்டைகளுக்குப் பின்னால் குட்டிகள். மொத்தம் பத்தொன்பது.

ஆறாம் நாள் புல் கணுக்கால் உயரத்துக்கு வந்துவிட்டது. செடிகள் இருந்த இடங்களில் அவர் நட்டிருந்த எண் தகடுகள் ஏழும் சாய்ந்து கிடந்தன. நான்காம் எண்ணின்மேல் புழுக்கை கிடந்தது.

முகாம் வாசலில் வந்து நின்றார்.

"மொட்டை, காத்தாயி. மொத்தமும் மொட்டை."

"சரிங்கய்யா."

"நான் கெடுத்துட்டேன்."

"எப்ப?"

அவர் வாசற்படியிலேயே உட்கார்ந்தார்.

"கீழ போங்கய்யா," என்றாள். "பதினெட்டாம் பெருக்கு கழிச்சு வாங்க. நடுவுல எட்டிப் பாக்காதீங்க."

அந்த வருடம் தாமதித்த பருவமழை, அவர் அடிவாரம் சேர்ந்த அன்றைக்கே பிடித்துக்கொண்டது.

சரக அலுவலகத்தில் ஓய்வூதியப் படிவங்களை நிரப்பினார். புகைப்படம் ஒட்டினார். உச்சிப் புல்வெளி அறிக்கையையும் எழுதத் தொடங்கினார். 'மேற்படி தாவரம் தற்போது இம்மலையில்' என்பது வரை வந்தது. அதற்கு மேல் பேனா நகரவில்லை. சரகர் இரண்டு முறை கேட்டார். "மழை விடட்டும் சார்," என்றார் இரண்டு முறையும்.

ஆடி பத்தொன்பதாம் தேதி அறிக்கையைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு எடுத்துக்கொண்டு ஏறினார். முகாமில் நிற்காமல் நேரே உச்சிக்குப் போனார்.

கதவு திறந்தே இருந்தது. முட்டுக்கொடுத்த கல்லில் பாசி பிடித்திருந்தது.

குந்தி உட்கார்ந்து பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை. முழங்காலை ஊன்றிப் பார்த்தார்.

ஒரு காது.

அதற்கு ஒரு முழம் தள்ளி இன்னொன்று. பிறகு கண் பழகிவிட்டது. ஒன்பது இலை. நான்கில் பூ. ஒரு பூவின் வாயில் கறுப்பு வண்டு ஒன்று தலையை விட்டு, பின்பக்கத்தை மட்டும் வெளியே காட்டிக்கொண்டிருந்தது.

முப்பது படம் எடுத்தார். படுத்துக்கொண்டு மறுபடி எடுத்தார்.

திரும்பும்போது, வேலிக்கு வெளியே, மூன்று வருடமாக அவர் நடந்து நடந்து போட்ட தடத்தின் ஓரத்தில் இன்னும் இரண்டு பூ இருந்தது. பூட்ஸ் கால் அந்தரத்தில் நின்றது.

பூட்ஸைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார்.

முகாமுக்கு வெறுங்காலோடு வந்து சேர்ந்தவரை ஒச்சப்பன் மேலும் கீழும் பார்த்தான்.

"கால்ல அட்டைய்யா. பத்துப் பன்னெண்டு இருக்கும்."

"குடிச்சிட்டுப் போகட்டும்."

உறையைப் பிரித்தார். நின்ற வரியில் 'உள்ளது' என்று எழுதினார். கையெழுத்துப் போட்டார். தேதி போட்டார். நாற்காலியில் சாய்ந்து, மூன்று வருடமாக உள்ளே வைத்திருந்த மூச்சை வெளியே விட்டார்.

"பதினொரு செடி," என்றார்.

"நல்லதுங்கய்யா," என்றாள் காத்தாயி.

பிறகு நிமிர்ந்தார்.

"ஆடு இன்னும் மேலதான் நிக்குது, காத்தாயி. பூவைத் தின்னுட்டா? விதை விழுற வரைக்கும் மட்டும் சாத்தி வைப்போம். ஒரு மாசம்தான். அந்தப் பூட்டு எங்க?"

காத்தாயி முகவாயால் அடுப்பைக் காட்டினாள்.

சோற்றுப் பானை தணலில் புழுங்கிக்கொண்டிருந்தது. மூடித் தட்டு ஆடாமலிருக்க, அதன்மேல் பாரத்துக்கு உட்கார்ந்திருந்தது திண்டுக்கல் பூட்டு. அடிப்பக்கம் கரி ஏறியிருந்தது.

அவள் துணியால் பிடித்துப் பூட்டைத் தூக்கிக் கீழே வைத்தாள். தட்டைத் திறந்தாள். ஆவி கூரைக்கு எழும்பியது.

"வெந்துருச்சு. உக்காருங்கய்யா."