மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள்

கால்நடை மருத்துவக் கல்லூரி ஒன்றில் பொற்கொடி என்று ஓர் ஆசிரியை இருந்தார். வயது முப்பத்தைந்துக்குள்தான் இருக்கும். கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் சொல்லிவிட்டார் என்று அவரைப் பற்றி யாரும் குறை சொன்னதில்லை. மாணவர்கள் அதற்காகவே அவரைத் தேடிப் போனார்கள், அதற்காகவே பயந்து ஓடவும் செய்தார்கள்.

காணும் பொங்கல் அன்று கல்லூரியே ஊருக்குப் போயிருந்தது. அவசரச் சிகிச்சைப் பிரிவில் பொற்கொடிக்கு மட்டும் பணி. அவரைத் தேடி இறுதியாண்டு மாணவி சுகிர்தா வந்தாள். மறுநாள் காலை அவளுக்குப் பரீட்சை. ஏற்கெனவே ஒருமுறை தோற்ற பாடம். இன்னொரு முறை தோற்றால் கூடப் படித்தவர்கள் டாக்டராகிப் போய்விடுவார்கள், அவள் மட்டும் இன்னும் ஒரு வருடம் அதே பெஞ்சில் உட்கார வேண்டும். அந்தப் பயத்தில் பொங்கலுக்குக்கூட வீட்டுக்குப் போகவில்லை.

"மேடம், ஒரு பக்கம் படிச்சா முந்தின பக்கம் மறந்துபோகுது. என்ன செஞ்சா மனசுல நிக்கும்?"

பொற்கொடி அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு கையைப் பார்த்தார். கையிலிருந்த புத்தகத்தின் ஓரமெல்லாம் எண்ணெய்க் கறை படிந்திருந்தது.

சாப்பாடு எப்படி என்று கேட்டார். விடுதியில் மிச்சமிருக்கும் பதினொரு பேருக்காகச் சமையல்காரர் தினமும் சோறும் கீரையும் கூட்டும் செய்துதான் வைக்கிறார். ஆனால் போய்வர முக்கால் மணி நேரம் வீணாகிறது என்றாள் சுகிர்தா. அம்மா கொடுத்தனுப்பிய டின்னில் அதிரசம் இருக்கிறது, முறுக்கு இருக்கிறது, பிளாஸ்க்கில் டீ இருக்கிறது. நாலு நாளாகப் புத்தகத்தை மூடாமலே சமாளித்துவிட்டாள். சொல்லும்போது குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

பொற்கொடி ஏதும் சொல்வதற்குள் வாசலில் ஒரு டெம்போ வந்து நின்றது.

அதிலிருந்து ஒரு கறவை மாட்டை இறக்கினார்கள். கொம்பில் புது நீலப் பெயின்ட், கழுத்தில் வாடிய மாலை. கால் தள்ளாடியது. கூடவே மாட்டுக்காரி பாவாயி, அழுது வீங்கிய கண்ணோடு இறங்கினாள்.

"நீயே பாரு" என்றார் பொற்கொடி சுகிர்தாவிடம்.

சுகிர்தா மாட்டின் இடது வயிற்றில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தாள். நிமிடத்துக்கு ஒருமுறையாவது அங்கே உருளும் சத்தம் கேட்க வேண்டும். மூன்று நிமிடம் காத்திருந்தாள். ஒன்றுமே கேட்கவில்லை.

மாட்டுக்கு என்ன போட்டீர்கள் என்று கேட்டாள்.

"வருசத்துல ஒரு நாளுங்க. ஆசையா ஒரு அண்டா சக்கரைப் பொங்கல் வெச்சேனுங்க. அதுவும் ஆசையாத்தான் தின்னுச்சு" என்றாள் பாவாயி.

சுகிர்தாவுக்குக் கோபம் வந்துவிட்டது. அரிசியும் வெல்லமும் இவ்வளவு ஒரேயடியாகப் போனால் வயிறு புளித்துப்போகும், அசைபோடுவது நின்றுவிடும், உயிருக்கே ஆபத்து, வாயில்லாத ஜீவனுக்கு இப்படியா செய்வது என்று ஒரு பாட்டம் திட்டித் தீர்த்தாள். பாவாயி தலைகுனிந்து கேட்டுக்கொண்டாள். பொற்கொடி குறுக்கிடவில்லை.

குழாய் விட்டு மாட்டின் வயிற்றுநீரைக் கொஞ்சம் எடுத்தார்கள். பொற்கொடி அதில் ஒரு துளியை நுண்ணோக்கியின் கீழே வைத்துப் பார்க்கச் சொன்னார். மங்கலாகச் சில உருண்டைகள் கிடந்தன. எதுவும் அசையவில்லை.

அடுத்து, கல்லூரிப் பண்ணையில் வைக்கோல் தின்றுகொண்டிருந்த மாட்டிடமிருந்து ஒரு துளி எடுத்து வைத்தார்.

சுகிர்தா குனிந்தாள். வெகுநேரம் நிமிரவில்லை.

அந்த ஒரு துளிக்குள் சந்தை கூடியிருந்தது. மயிர் முளைத்த உருண்டைகள் சுழன்றன, ஒன்றையொன்று இடித்துக்கொண்டு விரைந்தன. ஒன்று ஒரு வைக்கோல் நாரைப் பாதி விழுங்கியபடியே நீந்திப் போனது. இரண்டாம் ஆண்டில் வரிசையில் நின்று அரை நிமிடம் பார்த்ததுண்டு. இந்த நுண்ணுயிர்களின் பெயர்களை மனப்பாடம் செய்து, எழுதி, மறந்ததும் உண்டு. இவை தினமும் வேலைக்குப் போகிற உயிர்கள் என்று அவளுக்கு ஏனோ தோன்றியதே இல்லை.

"எத்தனை இருக்கும் மேடம்?"

"இந்தத் துளியிலயா, மாட்டுக்குள்ளயா?"

சுகிர்தா மறுபடி நுண்ணோக்கியில் குனிந்தாள்.

"மாடு வைக்கோலைத் தின்னு வளருதுன்னு நினைக்கிறோம். அது இவங்களுக்கு வைக்கோல் போடுது. இவங்கதான் மாட்டை வளர்க்கிறாங்க" என்றார் பொற்கொடி.

நோயுற்ற மாட்டுக்கு முதலில் சோடா உப்புக் கரைசலைக் கொடுத்தார்கள். ஊசி வழியே மருந்து ஏற்றினார்கள். பிறகு பண்ணை மாட்டின் வயிற்றுநீரை நாலு லிட்டர் வடிகட்டி, குழாய் வழியே உள்ளே விட்டார்கள். பாவாயி தலையைப் பிடித்துக்கொண்டாள். சுகிர்தா குழாயைப் பிடித்துக்கொண்டாள். ஒரு மாட்டின் குடிமக்கள் இன்னொரு மாட்டுக்குள் குடியேறுவதை நினைக்க அவளுக்கு உடம்பு சிலிர்த்தது. அதன்பிறகு புத்தகத்தைத் தொடாமல் மாட்டின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

சாயங்காலம் ஐந்து மணிக்கு ஸ்டெதஸ்கோப்பில் ஒரு சத்தம் வந்தது. மெதுவாகத் தொடங்கி, உருண்டு, அடங்கியது. சுகிர்தா அதைக் கழற்றிப் பாவாயியின் காதில் மாட்டிவிட்டாள். இரண்டாவது முறை அது உருண்டபோது பாவாயி மாட்டின் வயிற்றைப் பார்த்துக் கைகூப்பினாள்.

பொற்கொடி ஸ்டெதஸ்கோப்பை வாங்கி மறுபடி சுகிர்தாவின் காதில் மாட்டினார். மறுமுனையை அவள் கையில் கொடுத்து, அவளுடைய வயிற்றின் மேலேயே வைத்துக்கொள்ளச் சொன்னார்.

சுகிர்தா கேட்டாள். எங்கோ ஆழத்தில் மெல்லிய சலசலப்பு, ஓர் இடைவெளி, மறுபடி சலசலப்பு.

"எனக்குள்ளயும் இருக்காங்களா மேடம்?"

"வேற இனம். கோடி கோடியா. அவங்க வேலை மூளை வரைக்கும் எட்டும்."

"அவங்க என்ன சாப்பிடுவாங்க?"

"நீ என்ன போடுறியோ அதை."

சுகிர்தா ஸ்டெதஸ்கோப்பைக் கழற்றி மடித்து வைத்தாள். பிறகு பழைய பயம் திரும்ப வந்தது. விடுதிச் சாப்பாட்டுக்குப் போனால் முக்கால் மணி நேரம் போய்விடும், இன்னும் இருநூறு பக்கம் பாக்கி இருக்கிறது, நாளைக்குப் பரீட்சை எழுதப் போகிறவள் தான்தானே என்று மெல்ல இழுத்தாள்.

பொற்கொடி கையைக் கழுவிக்கொண்டே திரும்பிப் பார்த்தார்.

"நீ தனியாவா எழுதப் போறே?" என்று கேட்டார்.