சட்டைப்பையிலிருந்து வந்த எண்

முதலில் வம்பு வளர்த்தவர் முதியோர் கல்வி மேற்பார்வையாளர் செண்பகராமன்தான். வகுப்புக்குள் வந்ததும் வராததுமாக, மூட்டை தூக்கும் இசக்கியப்பனைப் பார்த்து, "தற்குறிக்கெல்லாம் இணையதளப் பாடம் எதுக்குவே? கடவுச்சொல்லை நீரே கண்டுபிடிச்சு உள்ளே போம். யாரையும் கேட்கக் கூடாது. முடியலைன்னா பரீட்சைப் பட்டியல்ல உம்ம பேரை அடிச்சிருவேன்" என்றார்.

கடவுச்சொல்லை இசக்கியப்பனுக்கு யாரும் சொன்னதே இல்லை. அவர் வகுப்புக் கணினியில் தன் பேருக்கான திரையை எழுத்துக் கூட்டிப் படித்து, 'கடவுச்சொல் மறந்துவிட்டதா?' என்றிருந்த இடத்தை அழுத்தினார். 'பதிவான கைபேசிக்கு எண் அனுப்பியுள்ளோம்' என்று வந்தது. செண்பகராமனின் சட்டைப்பை சிணுங்கியது.

எந்தச் செய்தி வந்தாலும் உரக்கப் படிப்பது அவர் வழக்கம். "நாலு, ஏழு, ஒண்ணு, ஒன்பது... என்ன எழவு இது?"

இசக்கியப்பன் அந்த நான்கு எண்களையும் தட்டினார். பாடம் திறந்தது.

"நான் யாரையும் கேட்கலை சார், நீங்களாத்தான் சொன்னீங்க. ஆமா, என் பேருக்கு உங்க நம்பர் எப்படி வந்துச்சு?"

பக்கத்துக் கணினியில் இருந்த மீன்காரி பேச்சியம்மாளும் தன் திரையில் அதே இடத்தை அழுத்தினாள். மறுபடியும் அதே பை சிணுங்கியது. வகுப்பே சிரித்தது. வகுப்பின் இருபது பேரையும் தன் கைபேசி எண்ணிலேயே பதிந்துவிட்டு, அவர்கள் வீட்டிலிருந்து பாடம் படிப்பதாக மேலிடத்துக்குக் காட்டிக்கொண்டிருந்தவர் யார் என்று எல்லோருக்கும் விளங்கிவிட்டது.

பட்டியலில் பெயர் நிலைத்ததில் இசக்கியப்பனுக்குத் திருப்திதான். ஆனால் தற்குறி என்றதற்கு 'தப்பா பேசிட்டேன்' என்ற வார்த்தை மட்டும் செண்பகராமன் வாயிலிருந்து இன்னும் வரவில்லை. அவர் வரும் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் இசக்கியப்பன் எழுந்து நின்று, "சார் என்னவோ சொல்ல வந்தீங்களே?" என்று மரியாதையாகக் கேட்கிறார்.