அறுபத்து மூன்று டேப்புகள்

“மேடம், பதினோரு வாரமா சோதிக்கிறேன். பதினோரு வாரமும் பாஸ். இன்னும் எதுக்குச் சோதிக்கணும்?”

கேட்டவர் செல்வதாஸ். வயது ஐம்பத்திரண்டு. குழந்தைகள் இருதய ஆஸ்பத்திரி ஒன்றில் இருபது வருடம் வார்டு கண்காணிப்பாளராக இருந்தவர். இயந்திரங்களுக்குள் என்னதான் நடக்கிறது என்று தெரிந்துகொள்ள ஆசைப்பட்டு, தானே கேட்டு அதே ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர் சர்வர் அறைக்கு மாற்றல் வாங்கி வந்திருந்தார்.

அந்த அறையின் பொறுப்பாளர் நஸீமா. செல்வதாஸைவிடப் பதினெட்டு வயது இளையவர். அதிகம் பேசமாட்டார்.

கையெழுத்துக்காகச் செல்வதாஸ் நீட்டிய சோதனைத் தாளை நஸீமா வாங்கிப் பார்த்தார். ஹார்ட் டிஸ்க் இருபத்து நான்கும் நல்ல நிலை. பழைய ஸ்கேன் படங்களைக் காந்த டேப்பில் எழுதிவைக்கும் டேப் டிரைவும் நல்ல நிலை.

“டேப் டிரைவை எப்படிச் சோதிச்சீங்க சார்?”

“புது டேப் ஒண்ணைப் போட்டேன். எழுதுச்சு. எழுதினதைத் திரும்பப் படிச்சுது. ஒரு எழுத்துகூடப் பிசகல.”

“எழுதினது எது?”

“இந்த டிரைவ்தான்.”

“படிச்சது?”

“இதேதான்.”

நஸீமா கையெழுத்துப் போடவில்லை. டிரைவிலிருந்து டேப்பை எடுத்து செல்வதாஸின் கையில் வைத்தார்.

“நிர்வாகக் கட்டடத்துலயும் இதே மாதிரி ஒரு டிரைவ் இருக்கு. அதுகிட்ட குடுத்துப் பாருங்க.”

செல்வதாஸ் வெயிலில் நடந்து போனார். அரை மணி கழித்துத் திரும்பி வந்தார்.

“அந்த டிரைவ் கெட்டுப்போச்சு மேடம். நம்ம டேப்பைப் படிக்க மாட்டேங்குது.”

“அப்படியா? அது எழுதின டேப்பை இங்க போட்டுப் பாருங்களேன்.”

மறுபடியும் போனார். மறுபடியும் வந்தார். கொண்டுவந்த டேப்பைச் செருகினார். டிரைவ் முனகியது. நின்றது. சிவப்பு விளக்கு எரிந்தது.

“அது எழுதுறதும் தப்பு,” என்றார் செல்வதாஸ்.

“அங்க இருக்கிறவர் என்ன சொன்னார்?”

செல்வதாஸ் தயங்கினார்.

“நம்ம டிரைவ்தான் கெட்டுப்போச்சுன்னார்.”

நஸீமா ஃப்ளாஸ்கிலிருந்து இரண்டு பேருக்கும் டீ ஊற்றினார்.

செல்வதாஸ் டீயைக் குடிக்காமல் சிவப்பு விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். டீ ஆறிப்போனது.

“மேடம், இந்த ரெண்டுமே எழுதாத டேப் ஒண்ணு கிடைக்குமா?”

நஸீமா பீரோவைத் திறந்தார். உறை பிரிக்காத ஒரு டேப்பை எடுத்தார். டிரைவைச் செய்த கம்பெனி, டிரைவ் சரியாகப் படிக்கிறதா என்று அளவு பார்ப்பதற்கென்றே எழுதி அனுப்பிய டேப்.

“என்னைக்குக் கேப்பீங்கன்னு இருந்தேன்,” என்றார்.

நிர்வாகக் கட்டடத்து டிரைவ் அதைக் கடைசிவரை படித்தது.

இங்கிருந்த டிரைவுக்கு அதில் ஒரு வரிகூடப் படிக்க முடியவில்லை.

டிரைவுக்குள் டேப்பைத் தொடும் ஹெட் ஒரு மயிரிழை சாய்ந்திருந்தது. சாய்வாக எழுதியது. சாய்வாகவே படித்தது.

செல்வதாஸ் அலமாரியைப் பார்த்தார். இந்த டிரைவ் எட்டு மாதமாக எழுதிய டேப்புகள் அங்கே வரிசையாக நின்றன. மொத்தம் அறுபத்து மூன்று. குழந்தைகளின் இருதய ஸ்கேன் படங்கள் இரண்டு மாதம்தான் ஹார்ட் டிஸ்கில் இருக்கும். அதற்கு முந்தையவை டேப்பில் மட்டும்தான்.

“ஜெனிட்டா,” என்றார்.

“யார் சார்?”

“குளச்சல் பிள்ளை. நாலு வயசு. ஏழு மாசம் முன்ன ஆபரேஷனுக்கு வந்தப்போ ஸ்கேன் ரூமுக்கு நான்தான் தூக்கிட்டுப் போனேன். இன்னும் பத்து நாள்ல அடுத்த ஆபரேஷன். டாக்டர் பழைய படத்தைக் கேப்பார்.”

அவர் போன் ரிசீவரை எடுத்தார்.

நஸீமா போனின் பொத்தானை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

“யாருக்கு?”

“சர்வீஸ் இன்ஜினியருக்கு. இப்பவே வந்து ஹெட்டை நேராக்கச் சொல்லணும்.”

“நேராக்கிட்டா, இந்த அறுபத்து மூணையும் யார் சார் படிப்பா?”

செல்வதாஸ் ரிசீவரைப் பிடித்தபடியே நின்றார்.

பிறகு மெதுவாகக் கீழே வைத்தார்.

அன்று மத்தியானமே முதல் டேப்பைப் போட்டார். சாய்ந்த ஹெட் தான் எழுதியதைப் படித்துக் கொடுத்தது. படித்ததைப் புது ஹார்ட் டிஸ்கில் இறக்கினார். இறக்கியதை நிர்வாகக் கட்டடத்து டிரைவைக் கொண்டு புது டேப்பில் எழுதினார். எதில் யார் படம் என்று உறையில் குறிப்பில்லை. ஒரு நாளைக்கு ஏழு டேப். டிரைவின் மேல் தூசு விழாமல் பார்த்துக்கொண்டார். அதன் பக்கத்தில் யாரையும் சத்தமாக நடக்கக்கூட விடவில்லை.

ஆறாம் நாள், நாற்பத்தோராவது டேப் பாதியில் நின்றது.

செல்வதாஸ் டேப்பைப் பின்னால் சுற்றினார். மறுபடி ஓட்டினார். அதே இடத்தில் நின்றது. மூன்றாம் தடவை ஓட்டினார்.

தாண்டிவிட்டது.

திரையில் ஒரு சின்ன இருதயத்தின் படம் விரிந்தது. ஓரத்தில் ஜெனிட்டா என்று பெயர் இருந்தது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். பிறகு அடுத்த டேப்பை எடுத்தார்.

அறுபத்து மூன்றும் முடிந்தபின், பத்தாம் நாள் காலையில் சர்வீஸ் இன்ஜினியர் வந்தார். மூடியைக் கழற்றினார். டார்ச் அடித்துப் பார்த்தார். சின்ன ஸ்க்ரூ ஒன்றைக் கால் திருகு திருகினார்.

“முடிஞ்சுது. ஹெட் சாஞ்சிருக்குன்னு எப்ப சார் தெரிஞ்சுது?”

“ஒன்பது நாள் ஆச்சு.”

“ஒன்பது நாளா! அன்னைக்கே கூப்பிட்டிருந்தா அன்னைக்கே நேராக்கியிருப்பேனே?”

“அதான் கூப்பிடல,” என்றார் செல்வதாஸ்.