மயிரிழைக் கோடு

“என் எழுத்துல யாரும் கை வைக்கக் கூடாது, டீச்சர்.”

யாரும் என்றால் யார் என்பது எபினேசரின் பார்வையிலேயே தெரிந்தது.

அவருக்கு ஐம்பத்தாறு வயது. அச்சக வேலையை விட்ட பிறகு, கணினியில் எழுத்துரு செய்யக் கற்றுக்கொள்ள ஹம்சவேணியிடம் வந்து சேர்ந்தவர். டீச்சருக்கு அவர் மகள் வயதுதான் இருக்கும்.

பதினொரு மாதம் உழைத்து தலைப்புகளுக்கென்று ஓர் எழுத்துரு செய்திருந்தார். நெடுக்குக் கோடுகள் தூண் மாதிரி. மற்ற கோடுகள் மயிரிழை. முனைகளில் கூரான சின்னப் பாதங்கள். கண் சிகிச்சை முகாமுக்கு வரவேற்பு பேனர் அந்த எழுத்தில்தான் வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். அவர் எழுத்து முதல் தடவையாகத் தெருவுக்கு வரப்போகிறது.

“மெல்லிசுக் கோட்டை மட்டும் கொஞ்சம் தடிப்பாக்கலாமா, சார்?”

“எதுக்கு?”

“எட்ட நின்னு பாத்தீங்களா?”

எபினேசர் கணினியை மூடினார். இன்றைக்கு ஒரு கோட்டை மாற்றவிட்டால், நாளைக்கு இது இருவர் செய்த எழுத்து. அப்புறம் டீச்சர் செய்த எழுத்து. அச்சகத்தில் இப்படி எத்தனையோ பார்த்துவிட்டார்.

பேனர் கடைக்கு அவரே போய் எழுத்தைக் கொடுத்தார்.

அன்று மாலை, டீச்சரின் ஸ்கூட்டர் அதே கடை வாசலில் நின்றது. எழுத்தில் கை வைக்கத்தான் வந்திருக்கிறார் என்று எபினேசர் முடிவு கட்டினார்.

முகாம் அன்று காலை, சாலையின் எதிர்ப்பக்கம் நின்று பேனரை நிமிர்ந்து பார்த்தார். ‘வரவேற்கிறோம்’ அங்கே இல்லை. ‘ர’வின் கீழ்க்கோட்டைக் காணோம். ‘வாவேற்கிறோம்’ என்று இருந்தது. மற்ற மெல்லிசுக் கோடுகளையும் காணவில்லை.

பக்கத்தில் ஹம்சவேணி வந்து நின்றார்.

“அழிச்சிட்டீங்களே, டீச்சர்.”

“வாங்க சார்.”

இருவரும் சாலையைக் கடந்தார்கள். பத்தடி இருக்கும்போது ஒரு கோடு தெரிந்தது. இன்னும் நாலு எட்டு வைத்ததும் எல்லாமே தெரிந்தன. ஒன்றும் அழியவில்லை.

எபினேசருக்கு அப்போதும் மனசு ஆறவில்லை. “அப்ப, அன்னைக்கு எதுக்குக் கடைக்குப் போனீங்க?”

கயிறு கட்டிக்கொண்டிருந்த கடைக்காரர் ஏணியிலிருந்தபடியே சொன்னார்: “நான்தான் போன் பண்ணினேன். கோடு தெரியாது, தடிப்பாக்கிடவான்னு கேட்டேன். ஒரு இழைகூட மாத்தக் கூடாது, இது சார் எழுத்துன்னு நேர்லயே வந்து சொல்லிட்டுப் போயிட்டாங்க.”



கைலி கட்டிய ஒருவர், நெற்றியில் கையை வைத்து வெயிலை மறைத்தபடி எபினேசரிடம் தடுமாறி வந்தார்.

“அண்ணே, கண்ணு பாக்கிறது இங்கதானா?”

“அதான் மேல எழுதியிருக்கே.”

“எழுத்தா அது? கறுப்புக் கறுப்பா கம்பி மாதிரி தெரிஞ்சுது. கேட்டைச் சாத்திட்டாங்கன்னு நெனச்சு, திரும்பிப் போகப் பாத்தேன்.”

எபினேசர் திரும்பினார். எதிர்ப்பக்கத்தில் இன்னும் ஐந்தாறு பேர் பேனரைப் பார்த்தபடி தயங்கி நின்றிருந்தார்கள். ஒருவர் பஸ் நிறுத்தத்தை நோக்கி நடக்கத் தொடங்கிவிட்டார்.

“டீச்சர்... அந்தக் கோட்டை எவ்வளவு தடிப்பாக்கணும்?”

“முதல்ல அவங்களைக் கூட்டிட்டு வாங்க, சார்.”